ஒட்டவைத்த சிரிப்பு

"அந்தப் பொண்ணு குலுங்கிக் குலுங்கி அழுவுது. இவ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறா பாரு!" டிவியைப் பார்த்து அம்மா பொரிந்து தள்ளினாள். "நர்ஸா இருந்துட்டு நெஞ்சுல ஈரமே இல்லையே!"

மகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ரியாலிட்டி போட்டி நிகழ்ச்சியின் எடிட்டரே அவன்தான்.

"அம்மா, அது வேற ஒருநாள் யாரோ ஜோக் சொன்னப்போ சிரிச்ச சிரிப்பு. சண்டை பத்தலைன்னு மேல இருக்கறவங்க குதிச்சாங்க. நான்தான் வெட்டி, அழுகைக்குப் பக்கத்துல ஒட்டினேன்."

"போடா! கண்ணால பார்த்ததைப் பொய்ங்கிறியா? அவளுக்கு வக்காலத்து வாங்காதே."

அழைப்பு மணி அடித்தது. அம்மா போய்க் கதவைத் திறந்தாள். பெட்டியும் கையுமாக அந்த நர்ஸேதான் நின்றிருந்தாள். போட்டியிலிருந்து அவளை வெளியேற்றிவிட்டார்கள்.

"போற இடமெல்லாம் காறித் துப்புறாங்க. கொஞ்ச நாள் இங்கேயே இருந்துக்கறேனே..." என்றாள் அவள்.

அம்மா வழிவிடவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, அவளை உள்ள விடும்மா!" என்று மகன் எச்சில் கையோடு ஓடிவந்தான்.

அம்மா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பெத்து வளர்த்தும் நீ எப்பேர்ப்பட்டவள்னு எனக்குத் தெரியாமப் போச்சேடி! டிவியில பார்த்துதானே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றபடி, மகளின் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள்.