சட்டைப்பையில் ரோட்டார்

சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பவளக்கொடியின் மகன் விற்கச் சொல்லியிருந்த அந்தப் பழைய காரின் பானட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்தான் மெக்கானிக் சேசுராஜ். “வீணா மெனக்கெடாதீங்க தம்பி,” என்றாள் பவளக்கொடி. “ரோட்டார் இல்லாம எப்படிக் கிளம்பும்? எவனும் ஓட்டிட்டுப் போயிரக்கூடாதுன்னு, அதைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் அவுக வெளிய போவாக. திரும்பி வந்து ஓட்டணும்ல.” அவள் புருஷன் வீட்டைவிட்டுப் போய் ஏழு மாதமாகிறது. சேசுராஜ், இன்ஜினுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தான். உள்ளே சுழலும் அந்தக் கட்டைவிரல் அளவு ரோட்டார் அதன் இடத்திலேயே இருந்தது. செத்துக் கிடந்தது பேட்டரி மட்டும்தான். அவள் கிட்டே வருவதற்குள் ரோட்டாரைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “ஆமாக்கா, காணோம்.” “சொன்னேன்ல,” என்றாள் அவள். “மகன்கிட்ட நீங்களே சொல்லிருங்க தம்பி, அவுக வரட்டும்னு.”