அர்த்தநாரி, 1983

"கம்ப்யூட்டர்கள் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசுவதைப் பற்றி அமெரிக்காவில் யார் எழுதினாலும், 'அர்த்தநாரி, 1983' என்று இவர் கட்டுரையை மேற்கோள் காட்டாமல் எழுதுவதில்லை! அந்த அர்த்தநாரி நம் சேலத்துக்காரர், நம் கல்லூரிக்காரர்!"

முதல்வர் முழங்கி முடித்ததும் ஆளுயர மாலை விழுந்தது. அர்த்தநாரி தலை நிமிரவில்லை. மகளிர் கல்லூரியில் கணிதம் நடத்தும் அவன் மனைவி சௌந்திரம், முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மாலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள்.

"மேடையில ஏனுங்க தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தீங்க?"

"உண்மையச் சொல்லிப்போடலாம்னுதான் எந்திரிச்சேன் சௌந்திரம். அத்தன பேரும் கை தட்டுனாங்களா, வாய் வரல."

"உடுங்க. கட்டுரையில 'சௌந்திரம் அர்த்தநாரி'ன்னு என் பேர முழுசாத்தான் போட்டு அனுப்புனேன். வெள்ளைக்காரன் பின்னால இருக்கற புருசன் பேர மட்டும் எடுத்துக்குவான்னு யாரு கண்டா?"

அவன் வண்டியை வீட்டுத் தெருவுக்குள் திருப்பினான். அவள் தொடர்ந்தாள்.

"அடுத்த கட்டுரையும் நேத்து அனுப்பிட்டனுங்க. 'சௌந்திரம் மணியன்'னு போட்டிருக்கேன். இனி எங்கப்பன் பேராவது வெளங்கட்டும்."