குரைக்காதவள்

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, தையல் மெஷினைத் தாண்டித் தரையில் விழுகிறது. அந்த வெளிச்சத்துக்குள் ஒரு காது மடங்கிய பழுப்பு நாய் படுத்திருக்கிறது. தெருவிலிருந்து மீட்டவர்கள், நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திருங்கள் என்று தையல்காரர் வீட்டில் விட்டுப்போய் இரண்டு மாதமாகிறது. பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் 'குரைக்காத நாய் எதுக்கு?' என்று திரும்பிவிட்டன. இன்று ஒரு நர்ஸ் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தையல்காரர், கழுத்தில் இஞ்ச் டேப்போடு, நாய்க்கு எதிரே மண்டியிட்டு, "வவ்! எங்க, சொல்லு பாப்போம். வவ்!" என்று குரைத்துக் காட்டுகிறார். "ஒரு வாரமா இதே கூத்துதாம்மா," என்கிறாள் அவர் மனைவி. "இவர் நல்லாவே கத்துக்கிட்டார். அவதான் வாயத் தொறக்க மாட்டேங்குறா." நாய் அவரைப் பரிவோடு பார்க்கிறது. பிறகு எழுந்துபோய் நர்ஸின் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொள்கிறது. அவள் காலை அசைக்காமல் குனிந்து, அந்த மடங்கிய காதை நீவுகிறாள். "அண்ணே, போதும் விடுங்க. எனக்கு எப்பவும் நைட் ட்யூட்டி, பகல்லதான் தூங்கணும். இவதான் எனக்குச் சரி. கூட்டிட்டுப் போகட்டுமா?" மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எந்திரிங்க, அதான் வீடு கெடச்சாச்சே!" தையல்காரர் எழவில்லை. "கால் மரத்துப்போச்சு," என்று தரையிலேயே இருந்துகொண்டு, கையை நீட்டி, நாயின் முதுகை வால் நுனிவரை மெதுவாகத் தடவுகிறார்.