பதில் இழுப்பு

விமானப்படைத் தளத்தின் பழைய நிலத்தடி எரிபொருள் தொட்டிக்குள் இருளப்பன் முகமூடியோடு இறங்கி, அடியில் படிந்திருந்த நச்சுக் கசடை மஞ்சள் பைகளில் வாரிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே உட்கார்ந்திருந்த மனைவி பவுன்தாயின் கையில் இருந்தது. அவர் ஒருமுறை இழுத்தால் நலம் என்று அர்த்தம். அவளும் ஒருமுறை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவள் வைத்த மீன்குழம்பைவிடக் கேன்டீன் குழம்பு தேவலை என்று காலையில் அவர் சொன்னதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. கயிறு அசைந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள். மறுபடி அசைந்தது. பேச்சே இல்லை என்றான பிறகு இழுப்பு மட்டும் என்ன வேண்டிக்கிடக்கிறது? சற்றைக்கெல்லாம் தொட்டியின் வாயில் கரிய உருவமொன்று மூச்சிரைக்க ஏறிவந்து முகமூடியைப் பிடுங்கி எறிந்தது.

“உனக்கு என்னாச்சு புள்ள? மயங்கிக் கிடக்கியோன்னு பயந்துட்டேன்!”

“எனக்கென்ன கேடு, காத்தாடத்தானே உக்காந்திருக்கேன்” என்றாள். கீழே கிடந்த முகமூடியை எடுத்துத் துடைத்து நீட்டினாள்.

அவர் மீண்டும் இறங்கினார். கயிறு அசையுமுன்னே அவள் இழுத்தாள். பதில் வந்தது. மறுபடி இழுத்தாள்.

“வேலை பாக்க விடுடி!” என்று பூமிக்கடியிலிருந்து குரல் கேட்டது.

அவள் இன்னொரு முறை இழுத்தாள்.