கெங்கம்மாவின் சாட்சி

ராயபுரம் கிடங்கில் அரிசி மூட்டைகள் ஏன் வாய் பிளக்கின்றன என்று ஒரு மாதம் ஆராய்ந்து எழுதிய அறிக்கையை, குமாஸ்தா வேலப்பன் புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய துரையின் முன் வாசித்து முடித்தான்.

"இரட்டை முடிச்சு போட்டால் தையல் பிரியாது என்று உனக்கு யார் சொன்னது?"

"மூட்டை தைக்கிற கெங்கம்மா, துரை."

துரை நம்பவில்லை. கெங்கம்மாவை வரவழைத்தார். வேலப்பனைப் பார்த்து, "நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார்.

"இரட்டை முடிச்சு யார் யோசனை?"

"என்னுதுதான் தொரே. நான் தெச்சிக் காட்னேன், அவரு பக்கத்துல குந்திகினு எழுதிக்கினாரு."

"அவர் பெயர் என்ன?"

கெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன் பெயர் தெரியாதா?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"பொய்ச் சாட்சி! வேலப்பன், நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

கெங்கம்மா வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"வேலைய வேணா எடுத்துக்க தொரே. அது பூட்டா வேற தேடிக்கலாம். கட்டின புருசன் பேரச் சொல்லி அவரு ஆயுசக் கொறைக்கச் சொல்றியா?"