தூக்கு வாளியின் காது

பிலோமி காலைப் பூசைக்குக் கிளம்பித் தெரு முனை திரும்பியதும், வால்டர் சமையலறைக்குள் நுழைந்தார். அவளுடைய பால் குண்டானை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார்.

சொந்தப் பெண்டாட்டியின் பாத்திரத்தையே திருடுகிற மனுஷனை என்னவென்று சொல்வது? அதுவும் இது மூன்றாவது. சோற்றுச் சட்டி மூடியும் இட்லிக் குண்டானும் ஏற்கெனவே ஓட்டையாகிச் சாக்குக்குள் ஒளிந்திருந்தன.

வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தார். நாற்பது வருஷம் கப்பல் இரும்பை ஒட்டின கை. ஆனால் இரும்பு சிவக்கும், சொல்லிவிட்டுத்தான் உருகும். அலுமினியம் சிவக்கவே சிவக்காது. அப்படியே வெள்ளையாக இருந்து, திடீரென்று பொத்துக்கொண்டு விழும். செல்போன் வீடியோவில் அலுமினியம் ஒட்டச் சொல்லித்தருகிற ஆள் படித்துப் படித்துச் சொன்னான். வால்டரின் கண் கேட்டால்தானே? பழக்க தோஷத்தில் சிவப்புக்காகக் காத்திருந்தது.

பொத்!

பால் குண்டானும் போயிற்று.

போன வாரம் பிலோமியின் பழைய அலுமினியத் தூக்கு வாளியின் காது உடைந்துபோனது. "கடைல குடுக்காத. அன்னிக்கு ஒட்டுன கையே ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு என்றால், கல்யாணத்துக்கு முன்னால். காசிமேட்டுப் படகுப் பட்டறையில் வால்டருக்கு வேலை. ஹார்பரிலிருந்த அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற வழியில், காது உடைந்த வாளியோடு வந்து நின்றாள் பிலோமி. சுற்றிலும் டீசல் புகை, மீன் வாடை. அவள் தலையில் கனகாம்பரம். இப்போது நினைத்தாலும் வால்டருக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிடும். "நாளைக்கு வா" என்றார். மறுநாள் ஒட்டின வாளியை வாங்கும்போது அவள் சிரித்த சிரிப்பில்தான் கல்யாணமே நடந்தது.

இந்தக் கதையை மாப்பிள்ளையிலிருந்து சர்ச் ஃபாதர்வரைக்கும் சொல்லிப் பெருமையடித்தாயிற்று. ஆனால் வாளியை ஒட்டினதென்னவோ அவருடைய தோஸ்து ஜாபர். கடைசிவரைக்கும் வாயைத் திறக்காமலே போய்ச்சேர்ந்தான், மகராசன். இப்போது நாற்பது வருஷத்துப் பொய்யை ஒரே வாரத்தில் நிஜமாக்கியாக வேண்டும். அதற்குத்தான் பிலோமியின் பாத்திரங்களில் இந்த ஒத்திகை.

"இன்னாயா இது!"

திரும்பினார். பிலோமி நின்றிருந்தாள். ஃபாதருக்குக் காய்ச்சலாம், பூசை இல்லை.

"ஐயோ, என் பால் குண்டானு! பாத்திரம் பாத்திரமா காணாப் போவுதேன்னு பக்கத்து வூட்டு செல்லக்கனியப் போயி சந்தேகப்பட்டேனேயா!"

வால்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

"பிலோமி, அன்னிக்கு அத்த ஒட்டுனது நான் இல்லமே. ஜாபரு. எனக்கு அலுமினியம் வராது. அப்பவும் வராது, இப்பவும் வராது."

அவள் ஓட்டைக் குண்டானைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இத்த வெச்சுகினா நாப்பது வருசமா அந்தப் பீத்து பீத்திகினு இருந்த?"

"கோவமா?"

"நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தக் காது தானா ஒடையல. உன் பட்டறைக்கு வெளிய ஒரு நங்கூரம் கெடந்துச்சே, அதுல நாலு போடு போட்டு நான்தான் ஒடச்சேன். உன்னாண்ட பேச எனக்கு வேற இன்னா சாக்கு இருந்துச்சு?"

வால்டருக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய வெட்கம் இப்போது வந்தது.

"அடிப்பாவி!"

"வேலய வுட்டு வந்ததுலேர்ந்து ஒரு வருசமா வாசல்ல ஒக்காந்து ரோட்டுல போற லாரியவே பாத்துகினு இருந்தியே, எங்கூட ஒரு வார்த்த பேசினியா?" பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான், போன வாரமும் நான்தான் ஒடச்சேன்."