ரெண்டு விரல் கூட

ஆற்றின் இரு கரையிலும் வெள்ளம் அளக்க இரண்டு கற்கள் நின்றன. நீர் பத்தடியைத் தாண்டினால் ஊதி ஊரைக் கிளப்புவதற்கு ஊருக்குள் ஓர் அபாயச் சங்கு இருந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பி.

கற்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் சங்குக்கு ஒன்றும் விளங்காது.

"ஒரே ஆறு, ஒரே தண்ணி. ரெண்டு பேரும் எதுக்குக் கத்தணும்?" என்றது வலக்கரைக் கல். "நீ அடியைச் சொல்லு. எம்பக்கம் எத்தனை விரல் கூட, எத்தனை விரல் கம்மின்னு மட்டும் நான் சொல்றேன்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. பல வருஷம் அப்படியே ஓடியது.

ஓர் ஐப்பசி மாலையில் இடக்கரைக் கல் "ஆறடி" என்றது. வலக்கரைக் கல் "ரெண்டு விரல் கூட" என்றது. சற்று நேரத்தில் வெள்ளத்தில் வந்த ஒரு மரம் இடக்கரைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது.

"பன்னிரண்டடி!" என்று கத்தியது வலக்கரைக் கல்.

"அடி சொல்ல அவன் இருக்கான். நீ விரலைச் சொல்லுப்பா," என்றது சங்கு.

"அவனை வெள்ளம் கொண்டுபோயிடுச்சு!"

"அப்படி எதுவும் அவன் சொல்லலையே."

கல் பதினாலு என்றது, பதினாறு என்றது. சங்கு ஒவ்வொரு முறையும் விரலைத்தான் கேட்டது. தண்ணீர் வாய்க்கு வந்தபோது கல்லுக்குப் பழகிய பேச்சைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

"ரெண்டு விரல் கூட."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்ற சங்கு, கடைசியாகக் கேட்டிருந்த ஆறடியோடு அதைக் கூட்டிக்கொண்டது.

ஊரில் வீட்டுக்கு வீடு உலை கொதித்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதவில்லை.